பஞ்சவர்ணத்தின் அண்ணன்

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் நிற்பதற்கென்று தனியாக ஒரு பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. திரவியம் அண்ணனுக்கு உண்டு. அதனால் முன் ஜன்னலில் அவர், பின்னால் மருந்தெடுக்கிற இடத்தில் நான் என்று நாங்களாகவே பிரித்துக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு திங்கட்கிழமை, வரிசையைப் பிளந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. மறு கையில் நாங்கள் கொடுத்த பேசும் மாத்திரை டப்பா. அதை ஜன்னல் பலகையில் டங்கென்று வைத்தாள்.

"ஏண்ணே வரல?"

திரவியம் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் நாற்பது பேர் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தருடைய சீட்டில் இரண்டு மருந்து ஒத்துப்போகாமல் அண்ணன் டாக்டருக்குப் போன் போட்டுக் காத்திருக்கிறார். காதில் ரிசீவரை வைத்துக்கொண்டே கேட்டார்.

"யாரும்மா நீ? டோக்கன் எடுத்தியா?"

அந்தப் பெண் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கத்துகிறவர்களைச் சமாளித்து எங்களுக்குப் பழக்கம். அவள் அவரையே பார்த்தாள். யாரோ கன்னத்தில் அறைந்தது போல முகம் செத்துவிட்டது.

"யாரா? நல்லா இருங்கண்ணே. நீங்க நல்லா இருங்க," என்றாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். டப்பாவை எடுக்கவில்லை.

"மறந்து வெச்சிட்டுப் போகுது பாரு, கூப்பிடு மும்தாஜ்," என்றார். நான் வாசல் வரை ஓடினேன். அதற்குள் பஸ் ஏறிவிட்டாள்.

டப்பாவின் அடியில் பெயர் இருந்தது. பஞ்சவர்ணம். நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் பூ விளைகிற ஒரு ஊர். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தேன். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதய வால்வு கெட்டுப்போய், இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையை உயிருள்ளவரை விழுங்க வேண்டும். நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டி அடைக்கும், இல்லையென்றால் கட்டி பிய்ந்து மூளைக்குப் போகும். அளவு கூடிப்போனாலும் வம்பு, உள்ளே எங்காவது ரத்தம் கசியும். கத்தி மேல் நடக்கிற மருந்து அது. அந்த மாத்திரை இருந்த டப்பாவைத்தான் எங்கள் முகத்துக்கு நேரே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

இந்த டப்பா வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ஆஸ்பத்திரி மருந்தாளுநர் என்றால் சீட்டைப் பார்த்து மாத்திரையை எண்ணிப் போடுகிற ஆள் என்றுதான் ஊரில் நினைப்பு. எண்ணுவதற்குப் படிப்பு எதற்கு? டாக்டர் எழுதிய மருந்து இந்த உடம்புக்கு, இந்தச் சிறுநீரகத்துக்கு, ஏற்கெனவே விழுங்குகிற மற்ற மாத்திரைக்கு ஒத்துவருமா என்று பார்க்கிறது எங்கள் வேலை. ஒத்துவராவிட்டால் டாக்டருக்குப் போன் போட வேண்டும். அதில் திரவியம் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. "மன்னிக்கணும் டாக்டர், எனக்கு ஒரு சின்ன சந்தேகம்," என்று ஆரம்பிப்பார். ஒரு நாளைக்கு எத்தனை மன்னிப்பு என்று கணக்கே இல்லை. "ஏண்ணே, தப்பைச் சரியாப் பிடிச்சுக் குடுக்கறது நீங்க, மன்னிப்பும் நீங்களே கேக்கணுமா?" என்று எரிந்து விழுவேன். "வாயில இருந்து ஒரு வார்த்தைதானே போகுது, வேலை நடக்குதுல்ல," என்பார்.

நோயாளிகளிடம் அந்தப் பணிவெல்லாம் கிடையாது. அங்கே வசவுதான். "ஏம்மா, முருங்கைக்கீரைய ஒரு வாரமா தின்னுட்டு இப்ப வந்து ரத்தம் கட்டுதுங்கிற? கீரை வேண்டாம்னு எவன் சொன்னான், ஒரே அளவாத் தின்னுங்கிறேன்!" திட்டு வாங்குவதற்கென்றே அவர் ஜன்னலில் வரிசை நீளும். பத்திரிகை வைப்பதும் அவருக்குத்தான். மகள் கல்யாணம், பேரன் மொட்டை, புது வீட்டுப் பால்காய்ச்சு. எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கண்டிப்பா வர்றேன்," என்பார். ஒன்றுக்கும் போக மாட்டார். ஞாயிற்றுக்கிழமை படுத்துத் தூங்குவார். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்று நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். நம் ஊரில் யார் சொல்லாத பொய் இது? பத்திரிகை வைத்தவரிடம் மூஞ்சிக்கு நேரே "வர மாட்டேன்" என்று சொல்ல முடியுமா?

அப்போதுதான் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று வந்தது. வீட்டுக்கு வீடு ஒரு டப்பா. நேரத்துக்கு மாத்திரையை நீட்டும், விழுங்குகிறார்களா என்று பார்க்கும், விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம் தொட்டு வைத்தால் அளவைக் கூட்டிக் குறைக்கும், பேசும். பேசுவதற்கு ஒரு குரல் வேண்டுமே? திரவியம் அண்ணன் குரலைக் கேட்டார்கள். கவுன்டரில் சில மாதம் ஒரு சின்ன மைக் உட்கார்ந்திருந்தது. அவர் திட்டியதை, சிரித்ததை, போனில் பேசியதை, பத்திரிகை வாங்கியதை எல்லாம் கேட்டுக்கொண்டது. பிறகு அவர் குரலில் ஜில்லா முழுக்கப் பேச ஆரம்பித்தது. கவுன்டரில் ஆறு பேர் இருந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேர் ஆனோம். மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் மளமளவென்று குறைந்தார்கள். அது பொய்யில்லை. நானே பார்த்தேன்.

கம்பெனியின் பொறியாளர் நிவேதன் நல்ல பையன். டப்பாக்கள் பேசுவதெல்லாம் அவர்களிடம் பதிவாகும், அதனால் பஞ்சவர்ணத்தின் டப்பாவைப் பற்றிக் கேட்க அவனைத்தான் போனில் பிடித்தேன். பக்கத்தில் திரவியம் அண்ணன்.

"அந்தப் பொண்ணு எங்கே வரச்சொல்லுச்சு, தம்பி?" என்று கேட்டார்.

"அவங்க பாப்பாவுக்குக் காதுகுத்துங்க சார். நேத்து ஞாயித்துக்கிழமை. தாய்மாமனா வந்து மடியில உக்கார வெக்கணும்னு கேட்டிருக்காங்க. டப்பா கண்டிப்பா வர்றேன்னு சொல்லியிருக்குங்க."

நான் பாய்ந்தேன். "அது எப்படி தம்பி சொல்லும்? பொய் சொல்லவா செஞ்சு விட்டீங்க அதை?"

"பொய்யின்னு அதுக்குத் தெரியாதுங்க மேடம். அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், என்ன சொன்னா மாத்திரை உள்ள போகுதுங்கிறது. கவுன்டர்ல சார் யார் கூப்பிட்டாலும் கண்டிப்பா வர்றேன்னாருங்க. அதைக் கேட்டவங்க எல்லாம் அடுத்த மாசம் ஒழுங்கா மாத்திரை எடுத்திருக்காங்க. அவரு அப்புறம் போனாரா இல்லையான்னு மைக்குக்குத் தெரியாதுங்களே."

"போகல," என்றார் திரவியம் அண்ணன். "ஒண்ணுக்கும் போகல."

பஞ்சவர்ணத்துக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை. அந்த ஊர் நர்ஸைப் போகச் சொன்னோம். "கதவையே திறக்கல மேடம், மாத்திரை வேண்டாமாம், உங்க ஆளுங்களே வேண்டாமாம்," என்றாள். திரவியம் அண்ணன் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் படுக்காமல் தன் காரை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். டப்பாவையும் கையோடு கொண்டுவந்திருந்தார், நர்ஸிடமாவது கொடுத்துவிட்டு வரலாம் என்று.

"போய் உண்மையைச் சொல்லிரலாம் மும்தாஜ். டப்பா வேற, நான் வேறன்னு புரிய வெச்சுட்டா கோவம் போயிரும்."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. படித்தவர்கள் நாங்கள். புரியவைத்தால் போதும் என்று நினைக்கிற ஜாதி.

ஊருக்குள் நுழையும்போதே மல்லிகை வாசம். பஞ்சவர்ணம் வாசலில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. அவள் புருஷன் கருத்தபாண்டிதான் பதறிப்போய், "வாங்க சார், வாங்கக்கா," என்று பாயை விரித்தான். பெண்டாட்டியிடம் பயமா, எங்களிடம் கூச்சமா தெரியவில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றுகொண்டான். குழந்தையின் காது இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தார்கள்.

"காது குத்தியாச்சா?" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"குத்தாம? ஆசாரி எம்புட்டு நேரம் உக்காந்திருப்பாரு? வெயில் ஏறிப்போச்சு. எம்மடியிலயே வெச்சுக் குத்துனாக. மாமன் மடியில்லாத புள்ளையின்னு ஆயிருச்சு." பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாத்தனா கேக்குறா, உங்க அண்ணன் டப்பாவுக்குள்ள இருந்து எறங்கி வர ஏணி வெக்கணுமாங்கிறா. சனமே சிரிக்குது."

"உனக்குக் கூடப்பிறந்தவங்க இல்லையா?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். என்னை விட்டுவிட்டு நேராகத் திரவியம் அண்ணனைப் பார்த்தாள்.

"ஏண்ணே, தெரியாத மாதிரி அக்காவ விட்டுக் கேக்கச் சொல்றீங்க? எல்லாம் உங்ககிட்டச் சொன்னதுதானே. நான் இவரைக் கட்டிக்கிட்டேன்னு எங்க சோலை அண்ணன் பேச்சை அறுத்துட்டான். நாலு வருசம். காதுகுத்துன்னதும் அவனே எறங்கி வந்து, மாமன் மொறை செய்ய வரட்டுமான்னு ஆள் விட்டான். நான் உங்ககிட்டத்தானே யோசனை கேட்டேன்? என்ன சொன்னீங்க? 'அவன் பேச்செடுத்தாலே நீ அழுதுட்டு மாத்திரைய மறந்துடுற. அவன் வந்தா உன் உடம்பு தாங்காது. நான் இருக்கேன்ல, நான் வர்றேன்' னு சொன்னீங்கள்ல? அதை நம்பித்தானே, எனக்கு அண்ணன் இருக்காரு, நீ வர வேண்டாம்னு சொல்லி விட்டேன். அவன் தலை முழுகிட்டான். இனி நான் செத்தாலும் வர மாட்டான்."

எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. டப்பா அவளைக் கெடுக்க நினைக்கவில்லை. அண்ணன் பேச்சு வந்த நாளெல்லாம் மாத்திரை தவறியிருக்கிறது. மாத்திரை தவறக்கூடாது. அவ்வளவுதான் அதன் கணக்கு. கவுன்டரில் நாங்கள் சொல்லாததா? "குடும்பச் சண்டை எல்லாம் அப்புறம், முதல்ல மாத்திரை," என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

திரவியம் அண்ணன் விளக்க ஆரம்பித்தார். பொறுமையாக, ஒன்று விடாமல் விளக்கினார். அது இயந்திரம், என் குரலை மட்டும் எடுத்துக்கொண்டது, நான் அதில் பேசுவதில்லை, நீ சொன்னது எதுவும் என் காதுக்கு வரவில்லை, ஜில்லாவில் ஆயிரக்கணக்கான வீட்டில் ஒரே நேரத்தில் அது பேசிக்கொண்டிருக்கும், ஒரு மனுஷனால் அது ஆகுமா, நீயே யோசித்துப் பார்.

"டப்பான்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன கேனச்சியா?" என்றாள் பஞ்சவர்ணம். "போனும் டப்பாதான். அதுக்கு அங்கிட்டு ஆளு இருக்குல்ல? அப்படித்தான் நெனச்சேன். ரெண்டு வருசம், நான் அழுதப்பல்லாம் ஒரு ஆளு அங்கிட்டு இருந்து கேட்டுச்சுன்னு நெனச்சேன். இப்ப யாருமே இல்லைங்கிறீங்க."

"இல்லம்மா. அதான் உண்மை."

"சரி. உண்மைய வெச்சுக்கிட்டுப் போங்க."

நான் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். உலோக வால்வு வைத்தவர்கள் பக்கத்தில் அமைதியாக இருந்தால் ஒரு சத்தம் கேட்கும், கைக்கடிகாரம் போல டிக், டிக் என்று. எனக்குக் கேட்கவில்லை. காதை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனேன். அடியில் எங்கோ மந்தமாக ஏதோ இருந்தது. அவள் உதடு லேசாக நீலம் பாரித்திருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன்.

"பஞ்சவர்ணம், உள்ள சத்தம் எப்பவும் போலக் கேக்குதா?"

"ரெண்டு நாளா சரியாக் கேக்கல. மூச்சுதான் வாங்குது. விடுங்கக்கா, நின்னா நிக்கட்டும்."

திரவியம் அண்ணன் எழுந்தே விட்டார். "வால்வுல ரத்தம் கட்டிருச்சு. எந்திரி, எந்திரிம்மா, கார்ல ஏறு! இப்ப போனாக்கூட ஊசி போட்டுக் கரைச்சிரலாம்."

"நான் வரல."

"உனக்குப் பச்சப்புள்ள இருக்கு, தெரியுதா இல்லையா?"

"வரலைன்னா வரல. நீங்க யாரு என்னைக் கூப்பிட?"

கருத்தபாண்டி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தான். உதறினாள். உதறியதில் இருமல் வந்து, மூச்சு முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டாள். தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் திமிறுகிற திமிறலில் வழியிலேயே ஏதாவது ஆகிவிடும். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. என் மடியிலிருந்த டப்பாவின் பித்தானை அழுத்தினேன்.

"பஞ்சவர்ணம்," என்றது டப்பா.

அதே குரல். எதிரில் நிற்கிறவரின் குரல். ஆனால் அவர் வாய் மூடியிருந்தது.

"ஒரு வாரமா உன் சத்தமே இல்ல. எம்மேல கோவந்தானே? நீ கோவப்படறது நியாயம்மா. வர்றேன்னு சொல்லிட்டு வரல. சபையில உன்னைத் தலைகுனிய வெச்சுட்டேன். தப்பு எம்மேலதான். என்னை மன்னிச்சிரும்மா."

பஞ்சவர்ணம் அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் ஆஸ்பத்திரியில்கூடக் கேட்டதில்லை. அது யாருமில்லாத குரல் என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறோம். உண்மையான ஆள் எதிரில்தான் நிற்கிறார். எல்லாம் தெரிந்துதான் அழுதாள். என் கையிலிருந்து டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சத்தம் கம்மியாயிருச்சுண்ணே," என்றாள் அதனிடம். "மூச்சு வாங்குது."

"பயப்படாத. நான் இருக்கேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. வாசல்ல வண்டி இருக்கா?"

"இருக்குண்ணே."

"அதுல ஏறு தாயி."

ஏறினாள். திரவியம் அண்ணன் வண்டியை ஓட்டினார். பின் சீட்டில் நானும் அவளும், முன்னால் குழந்தையோடு கருத்தபாண்டி. வழி முழுக்க டப்பா பேசிக்கொண்டே வந்தது. அவளைத் தூங்கவிடாமல் குழந்தையைப் பற்றிக் கேட்டது, இந்த வருஷம் மல்லிகை என்ன விலை போகிறது என்று கேட்டது. ஓட்டுகிறவர் ஒரு வார்த்தை பேசவில்லை. செம்பட்டி தாண்டும்போது ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டது.

"மேடு பள்ளம் பாத்துப் போகச் சொல்லும்மா," என்றது டப்பா.

பஞ்சவர்ணம் முன்னால் குனிந்து சொன்னாள். "சார், கொஞ்சம் மெதுவாப் போவீங்களாம், அண்ணன் சொல்றாரு."

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். வண்டியை மெதுவாக்கினார்.

ஊசியில் கட்டி கரைந்தது. பிழைத்துக்கொண்டாள். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அதைக் கேட்டதும் கருத்தபாண்டி எங்கள் இருவர் காலிலும் விழப் பார்த்தான். கேன்டீனில் டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். திரவியம் அண்ணன் டீயில் ஆடை படிகிறவரை தொடவில்லை.

"நான் மன்னிப்பே கேக்கலையே மும்தாஜ்."

"அண்ணே, நீங்க என்ன தப்புப் பண்ணீங்க?"

"டாக்டர்கிட்ட, அவர் பண்ணுன தப்புக்கு, நாள் பூரா கேக்குறேன். அந்தப் புள்ள என் கண்ணு முன்னால உக்காந்து அழுகுது, நான் பாடம் நடத்திக்கிட்டு இருக்கேன். அந்த டப்பாவுக்கு மன்னிப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு நினைக்கிற? எல்லாம் என் வாயிலருந்து எடுத்ததுதான். எனக்குத்தான் சமயத்துல வரல."

"அவ வார்டுக்கு வந்ததும் போய்ச் சொல்லிருங்க."

"சொல்றேன்."

சொல்லவில்லை. வார்டு வாசல் வரை இரண்டு முறை போனார். உள்ளே அவள் டப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டுத் திரும்பி வந்துவிட்டார். பிறகு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த மாதக் கடைசியில் கவுன்டரில் ஒரு விசித்திரம் ஆரம்பித்தது. சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்குகிற ரிட்டயர்டு கண்டக்டர் ஒருத்தர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"ஏப்பா திரவியம், நேத்து காலையில எங்கிட்ட எதுக்கு மன்னிப்புக் கேட்ட? என்ன பண்ணித் தொலைச்ச? மாத்திரைய மாத்திக் குடுத்துட்டியா?"

அடுத்து ஒரு தையல்காரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எம்புருசன் முப்பது வருசத்துல ஒரு நாள் கேட்டதில்லண்ணே. நீங்க எதுக்குக் கேட்டீங்கன்னு தெரியல. ஆனா மனசு ஆறிப்போச்சு." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தர். அந்த வாரம் முழுக்க இதே கதைதான்.

நிவேதனைக் கூப்பிட்டோம். இந்த முறை நேரிலேயே வந்திருந்தான். அவனுக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

"பஞ்சவர்ணம் கேஸ்ல அந்த ஒரு வார்த்தை நல்லா வேலை செஞ்சுதுங்க. டப்பா அதைக் கவனிச்சிருச்சு. ஒரு டப்பா கத்துக்கிட்டா எல்லா டப்பாவும் கத்துக்கும். மாத்திரையில சுணங்கறவங்க யாரைப் பாத்தாலும் இப்ப மன்னிப்புக் கேக்குதுங்க. அவங்களுக்கு யாராவது எப்பவாவது கேக்க வேண்டியது பாக்கி இருந்திருக்கும் போல. கேட்டதும் முழுங்கிடறாங்க."

"எடுத்துருங்க தம்பி," என்றார் திரவியம் அண்ணன். "என் குரலே வேண்டாம். வேற யாரையாவது வெச்சுக்குங்க."

"எடுக்கலாம் சார். உங்க குரல், உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா இன்னொண்ணும் சொல்லிடறேங்க. போன மாசம் ஒரு தாலுகாவுல வேற குரல் வெச்சுப் பாத்தோம். பாதிப் பேர் ஒரு வாரத்துல மாத்திரையை நிறுத்திட்டாங்க. பதறிப்போய் உங்க குரலையே திரும்ப வெச்சோம். அதுக்குள்ள ரெண்டு பேர்..." நிவேதன் முடிக்கவில்லை. "நீங்க எடுங்கன்னா எடுத்துடறேன் சார். இப்பவே."

திரவியம் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே வரிசையைப் பார்த்தார். கண்டக்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தையல்காரம்மா யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்," என்றார்.

அதற்கப்புறம் அவர் யாரையும் திட்டுவதில்லை. சீட்டை வாங்குவார், பார்ப்பார், கொடுப்பார். டாக்டர்களிடம்கூட "மன்னிக்கணும்" போய்விட்டது. "டாக்டர், இந்த ரெண்டும் சேராது," என்று மொட்டையாகச் சொல்கிறார். திமிர் பிடித்துவிட்டது என்று மேலே பேச்சு. பத்திரிகை வைத்தால், "என்னால வர முடியாதும்மா," என்கிறார். மூஞ்சிக்கு நேரே. ஜனங்கள் முகம் சுருங்கிப் போகிறார்கள். வீட்டுக்குப் போய் டப்பாவிடம் சொல்லி ஆற்றிக்கொள்வார்கள் போல.

சோலையையும் தேடிப் போனார், தனியாக. பஞ்சவர்ணத்தின் அண்ணன், வத்தலக்குண்டில் லாரி ஓட்டுகிறவர். வாசலோடு அனுப்பிவிட்டாராம். "அதுக்குத்தான் ஆஸ்பத்திரியில பெரிய அண்ணன் இருக்காராம்ல, அவரே பாத்துக்கட்டும்," என்றாராம். "அது நான்தாங்கன்னு எப்படிச் சொல்றது, நான் இல்லீங்கன்னு எப்படிச் சொல்றது?" என்று என்னிடம் கேட்டார். பித்தானை அழுத்தியது நான். அழுத்தாவிட்டால் அவள் செத்திருப்பாள். அதனால் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் வருத்தம் இருக்கிறது. அன்றைக்கு அந்த மனுஷனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்திருந்தால் வார்த்தை வந்திருக்குமோ என்னவோ.

மறு வருஷம் ஆடி மாதம் பஞ்சவர்ணம் இதயப் பரிசோதனைக்கு வந்தாள். நன்றாகத் தெளிந்திருந்தாள். உதட்டில் நல்ல நிறம். டப்பாவுக்கு மாத்திரை நிரப்பிக்கொள்ள வரிசையில் நின்றாள். அவளைப் பார்த்ததும் திரவியம் அண்ணன் கையிலிருந்த சீட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு கவுன்டரை விட்டு வெளியே போனார். இத்தனை வருஷத்தில் வரிசை நிற்கும்போது அவர் வெளியே போய் நான் பார்த்ததில்லை. மாத்திரை எடுப்பதை நிறுத்திவிட்டு நானும் ஜன்னலுக்கு வந்தேன்.

அவள் முன்னால் போய் நின்றார். கையைக் கூப்பினாரா, அல்லது கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படி வைத்திருந்தாரா, தெரியவில்லை.

"பஞ்சவர்ணம்," என்றார். குரல் உடைந்தது. "என்னை மன்னிச்சிரும்மா."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்துக் கூச்சப்பட்டாள். பெரிய மனுஷன் இப்படி நிற்கிறாரே என்ற பதற்றத்தில், அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சிரித்தாள்.

"அட, விடுங்க சார்," என்றாள். "அதான் அண்ணன் தெனமும் கேக்குதே. நீங்க எதுக்கு?"